கினிக்கோழி முட்டைக்கு 28 நாள்: வாசகர் கேள்வி – பதில்

கினிக்கோழி பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் முட்டை பொரிப்பும் குஞ்சுகளின் முதல் பத்து நாளும்தான் மிகுதி. இந்த இதழின் இடம் அவற்றுக்கே.

கேள்வி: இன்குபேட்டரில் 30 கினிக்கோழி முட்டை வைத்தேன். 9 குஞ்சுதான் வெளியே வந்தது. மற்றவற்றை உடைத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் முழுக் குஞ்சு செத்துக் கிடக்கிறது. அதே பெட்டியில் நாட்டுக்கோழி முட்டை நன்றாகப் பொரிக்கிறதே, ஏன்? — வாசகர், தாராபுரம்

பதில்: கோழி முட்டைக்கு வைத்த கணக்கையே இதற்கும் வைத்திருப்பீர்கள். கோழி முட்டை 21 நாள். கினிக்கோழி முட்டைக்கு 26 முதல் 28 நாள் வேண்டும். பழக்கத்தில் 18ஆம் நாளே திருப்புவதை நிறுத்தித் தண்ணீர்த் தட்டை நிரப்பிவிட்டால், இன்னும் ஒரு வாரம் வளர வேண்டிய குஞ்சு அளவுக்கு மீறிய ஈரத்தில் கிடக்கிறது. இதன் ஓடு கோழி முட்டையைவிடத் தடிப்பு, உள்நீர் மெதுவாகத்தான் வெளியேறும். போதிய நீர் வெளியேறாவிட்டால் அகன்ற முனையில் இருக்கும் காற்றறை சிறுத்துப்போகும். கடைசி நாளில் குஞ்சு மூக்கை நுழைத்து முதல் மூச்சு விட அங்கே இடம் இருக்காது.

உடைத்த முட்டையைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். குஞ்சு ஊதிப்போய், கொழகொழவென்று நீரில் கிடந்தால் ஈரம் கூடிவிட்டது. சவ்வு காய்ந்த காகிதம்போல் குஞ்சின் மேல் ஒட்டிக் கிடந்தால் கடைசி மூன்று நாளில் ஈரம் குறைந்துவிட்டது. அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் நடக்கும்.

செய்ய வேண்டியது இது. விசிறி உள்ள பெட்டியில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாத பெட்டியானால் முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அளந்து 38.5 வரை இருக்கலாம். ஈரப்பதம் 55 சதவீதத்தில் தொடங்குங்கள். ஒரு நாளைக்கு 3 முதல் 5 முறை திருப்ப வேண்டும். திருப்புவதை 25ஆம் நாள்தான் நிறுத்த வேண்டும், அன்றுதான் ஈரப்பதத்தை 65–70க்கு ஏற்ற வேண்டும்.

ஈரமானி காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பாட்டில் மூடி ஒன்றில் கல்லுப்பு போட்டு, ஈர மணல் பதத்துக்கு வருமளவு மட்டும் தண்ணீர் விடுங்கள், உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரமானியையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி, 12 மணி நேரம் வையுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 69 காட்டினால் எப்போதும் 6 கூட்டிக்கொள்ளுங்கள்.

அதைவிடவும் உறுதியான வழி தராசு. வைக்கும் அன்று பத்து முட்டையைச் சேர்த்து எடை போடுங்கள். 400 கிராம் இருந்தால் 10ஆம் நாள் 380 கிராம் ஒட்டியும் 25ஆம் நாள் 350 கிராம் ஒட்டியும் வர வேண்டும். 10ஆம் நாள் 388 என்றால் தண்ணீர்த் தட்டைக் குறையுங்கள். 372 என்றால் கூட்டுங்கள். மின்னணுத் தராசு ஒன்று கையில் இருந்தால் போதும், ஊகத்துக்கே வேலை இல்லை.

ஓட்டில் கொத்து விழுந்த பிறகு ஒரு நாள் வரை பொறுங்கள். ஓட்டை உரித்து உதவப் போனால் இன்னும் வற்றாத ரத்தக் குழாய் அறுந்து குஞ்சு சாகும். வெளியே வந்த குஞ்சையும் தூவல் உலர்ந்து பஞ்சுபோல் ஆகும் வரை உள்ளேயே விடுங்கள். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு ஒரு நாளைக்கு மேல் தாங்கும், பசியால் சாகாது.

கேள்வி: வேலியோரப் புதரில் முட்டைக் குவியல் இருக்கிறது. எடுத்துப் பொரிக்க வைக்கலாமா? — வாசகி, அவினாசி

பதில்: வைக்கலாம். ஆனால் பழைய முட்டையும் புதிய முட்டையும் கலந்திருக்கும். பல பெட்டைகள் ஒரே இடத்தில் இடும் பழக்கம் இதற்கு உண்டு. நாலைந்து முட்டையைப் பென்சிலால் குறியிட்டு அங்கேயே விட்டுவிட்டு, மற்றவற்றை எடுத்துவிடுங்கள். முழுவதும் எடுத்தால் வேறு புதர் தேடிப் போய்விடும். அதன் பிறகு தினமும் மாலையில் குறியில்லாததை மட்டும் எடுத்தால் வயது தெரிந்த முட்டை கிடைக்கும். முட்டையிடும் நேரத்தில் சேவல் பக்கத்தில் காவல் நிற்கும். அது நிற்கும் இடம்தான் உங்களுக்குத் துப்பு.

ஏழு நாளுக்குமேல் சேர்த்து வைக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இதற்கு ஆகாது, அந்தக் குளிரில் கரு செத்துவிடும். வாயகன்ற மண்பானையை ஈர மணலில் பாதி புதைத்து, உள்ளே துணி விரித்து, கூர் முனை கீழே இருக்கும்படி அடுக்குங்கள். அழுக்கு முட்டையைக் கழுவாமல் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கரு பார்ப்பதை 10ஆம் நாளுக்குத் தள்ளிப்போடுங்கள். பழுப்பு நிற ஓடும் புள்ளியும் வெளிச்சத்தை மறைப்பதால் 7ஆம் நாளில் நல்ல முட்டையையும் கூமுட்டை என்று ஒதுக்கிவிட நேரிடும்.

கேள்வி: இன்குபேட்டர் இல்லை. நாட்டுக்கோழியை அடை வைக்கலாமா? கோழி முட்டையும் சேர்த்து வைத்தால்? — வாசகர், மேலூர்

பதில்: நாட்டுக்கோழிதான் சிறந்த வழி. கினிப் பெட்டையை நம்ப வேண்டாம், குஞ்சை ஈரப்புல்லுக்குள் கூட்டிக்கொண்டு போய் நனைத்துக் கொன்றுவிடும். நடுத்தர உடம்புள்ள அடைக்கோழிக்கு 15 முட்டை சரி. அடையில் உட்கார்த்தும் முன் பேன், செள் இருக்கிறதா என்று இறக்கைக்கு அடியில் பாருங்கள். கடி தாங்காத கோழி மூன்றாவது வாரத்தில் எழுந்து போய்விடும்.

இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் 21ஆம் நாள் கோழிக்குஞ்சு பொரித்ததும் தாய் அவற்றோடு இறங்கிவிடும், மற்றவை ஆறிப்போகும். சேர்த்துத்தான் வைக்க வேண்டுமென்றால் கினி முட்டை வைத்து ஏழாம் நாள் கோழி முட்டையை வையுங்கள்.

கேள்வி: பொரித்த 22 குஞ்சில் பத்து நாளில் 13 செத்துவிட்டன. நாட்டுக்கோழிக் குஞ்சுக்குச் செய்வதைத்தான் செய்தோம். — வாசகி, சங்கரன்கோவில்

பதில்: பிறக்கும்போது இந்தக் குஞ்சின் எடை சுமார் 25 கிராம். குளிரும் ஈரமும்தான் இதன் எமன். முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். தொங்கவிட்ட பல்பு எல்.இ.டி. என்றால் அதில் சூடே கிடையாது, இது பல வீடுகளில் நடக்கும் தவறு. பழைய இழை பல்போ செராமிக் ஹீட்டரோ வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் சூடு போதவில்லை. ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு அதிகம். மூலையில் நெருக்கியடித்து நசுங்காமல் இருக்க, தகட்டையோ அட்டையையோ வளைத்து வட்டமாக வேலி கட்டுங்கள். மூன்றாவது வாரத்திலேயே பறக்கப் பார்க்கும், மேலே வலை போடுங்கள்.

செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கி, கால் இரண்டு பக்கமும் விரிந்துபோன குஞ்சு பிறகு நிற்காது. முதல் வாரம் சாக்கு, அதன் பிறகு இரண்டு அங்குலம் உமியோ கடலைத்தோலோ. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்புங்கள். ஒரு விரல் ஆழத் தண்ணீரே இவற்றை மூழ்கடிக்கும்.

அடுத்தது தீனி. முதல் நான்கு வாரம் 24 சதவீதப் புரதம் வேண்டும். நாட்டுக்கோழி ஸ்டார்ட்டரில் (குஞ்சுத் தீவனத்தில்) 20 சதவீதம்தான் என்றால், 10 கிலோவுக்கு 2 கிலோ சோயாப் பிண்ணாக்கு மாவாகக் கலந்தால் கணக்கு சரியாக வரும். கரையான் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். மூட்டை லேபிளைப் படிக்காமல் மட்டும் வாங்காதீர்கள். ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கோழித் தீவனத்தில் சேர்க்கும் மோனென்சின் கினிக்கோழிக்கு நஞ்சு.

மூத்த கோழிகள் மேய்ந்த மண்ணில் குஞ்சை விடுவதையும் தவிருங்கள். கோழியின் குடற்புழு முட்டை வழியே பரவும் கருந்தலை நோய் இவற்றைத் தாக்கும்.

கேள்வி: சேவலும் பெட்டையும் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படிப் பிரிப்பது? — வாசகர், திருத்தணி

பதில்: கண்ணைவிடக் காதை நம்புங்கள். எட்டு வாரத்துக்குப் பிறகு பெட்டை இரண்டு அசையில் கத்தும், இரண்டாவது அசை மேலே ஏறும். சேவல் ஒற்றை அசையைத் தொடர்ந்து அடிக்கும். பயந்தால் பெட்டையும் ஒற்றை அசையில் கத்தும், ஆனால் சேவல் ஒருபோதும் இரண்டு அசையில் கத்தாது. ஆகவே இரண்டு அசை கேட்ட பறவையை அப்போதே பிடித்துக் காலில் வளையம் போடுங்கள். நாலு மாதமானால் தாடியும் உதவும். சேவலுக்கு அது பெரிதாகிக் கிண்ணம்போல் மடங்கியிருக்கும். பொரிக்க முட்டை வேண்டுமானால் ஒரு சேவலுக்கு நாலைந்து பெட்டை போதும்.

கேள்வி: பாம்பு வராது என்று சொல்லி நாலு கினிக்கோழி வாங்கினோம். மறுநாளே பக்கத்துத் தோப்புக்குப் பறந்துவிட்டன. — வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: பாம்பைக் கண்டால் கூட்டமாகச் சூழ்ந்து ஊரே கேட்கும்படி கத்தும், சின்னப் பாம்பைக் கொத்தவும் செய்யும். ஆனால் பாம்பே வராது என்று நம்பிக் காலைப் பார்க்காமல் இருட்டில் நடக்காதீர்கள்.

வாங்கி வந்த பறவையை ஆறு வாரமாவது கொட்டகையிலேயே அடைத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே சத்தம் கொடுத்துத் தீனி போடுங்கள். கம்பு போட்ட டப்பாவைக் குலுக்கினால் போதும். பிறகு மாலைத் தீனிக்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டை மட்டும் வெளியே விடுங்கள். உள்ளே இருப்பவை கத்த, வெளியே போனவை தூரம் போகாது. ஒரு வாரம் கழித்து மற்றவை. தோப்பில் இருப்பவற்றைத் துரத்த வேண்டாம், துரத்தினால் இன்னும் உயர ஏறும். வெளிச்சம் மங்குவதற்கு முன் அதே மரத்தடியில் டப்பாவைக் குலுக்கிக் கம்பு தூவுங்கள், ஒவ்வொரு நாளும் தூவும் இடத்தைக் கொட்டகைப் பக்கம் நகர்த்திக்கொண்டே வாருங்கள்.