ஆட்டோமேட்டிக் காரில் கியருக்கு வரம்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடைய ஆட்டோமேட்டிக் காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் ஷிஃப்டர்கள் (விரலால் இழுத்துக் கியர் மாற்றும் சிறு நெம்புகோல்கள்) உள்ளன. மலைச்சாலையில் இறங்கும்போது இடப்பக்கப் பேடிலை இழுத்து 3-ஆம் கியருக்குக் கொண்டுவருகிறேன். சிறிது நேரத்தில் வண்டி தானாகவே 5-ஆம் கியருக்குப் போய்விடுகிறது. நண்பர் ஒருவரின் காரிலோ திரையில் ‘4’ என்று தெரியும்போதே எஞ்சின் 2-ஆம் கியரில் இருப்பதுபோல் இரைகிறது. பேடிலைக் கொண்டு கியரை உண்மையில் கட்டுப்படுத்த முடியுமா, முடியாதா?

பதில்: முடியும். ஆனால் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் பேடில், காருக்குக் கார் மூன்று விதமாக வேலை செய்கிறது. உங்கள் வண்டி எந்த விதம் என்று தெரியாமல் இழுத்தால், நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குழப்பங்களுமே வரும்.

உங்கள் அனுபவம் முதல் விதம். கியர் நெம்புகோல் ‘டி’ நிலையில் (வண்டி தானே கியர் மாற்றும் வழக்கமான நிலை) இருக்கும்போதே பேடிலை இழுத்தால், பெரும்பாலான கார்கள் அதைத் தற்காலிகமான ஒரு வேண்டுகோளாக மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. கேட்ட கியருக்கு இறங்கிக் கொடுத்துவிட்டு, வேகம் சில நொடிகள் சீராக இருந்தாலோ ஆக்சிலரேட்டரை மிதித்தாலோ, தேவை முடிந்துவிட்டது என்று கணினி முடிவுசெய்து மீண்டும் தன் விருப்பப்படி கியர் போடத் தொடங்கிவிடும். ஒரு வளைவுக்கோ ஒரு முந்தலுக்கோ இது போதும்; பல கிலோமீட்டர் நீளும் இறக்கத்துக்குப் போதாது.

இரண்டாவது விதத்தில் நெம்புகோலை ‘எம்’ நிலைக்கு (ஓட்டுநரே கியரைத் தேரும் நிலை) தள்ளிவிட்டுப் பேடிலைப் பயன்படுத்த வேண்டும். அப்போது நீங்கள் தேர்ந்த கியர் அப்படியே நிற்கும். சில கார்களில் ‘எஸ்’ நிலையும் இதையே செய்கிறது. மூன்றாவது விதம் உங்கள் நண்பருடையது. டொயோட்டா, லெக்சஸ் கார்கள் பலவற்றின் ‘எஸ்’ நிலையில் திரையில் தெரியும் எண், ஓடிக்கொண்டிருக்கும் கியரைக் குறிப்பதில்லை. ஏறக்கூடிய உச்ச கியரைத்தான் குறிக்கிறது. அங்கே ‘4’ என்றால், 1 முதல் 4 வரை வண்டி தன் விருப்பப்படி மாறிக்கொள்ளலாம், 5-க்குப் போகக் கூடாது என்று பொருள். பழைய ஆட்டோமேட்டிக் கார்களின் நெம்புகோலில் ‘டி’க்குக் கீழே இருந்த ‘3’, ‘2’, ‘எல்’ ஆகிய நிலைகள் செய்த வேலையும் இதுவே.

வண்டியுடன் கொடுக்கப்பட்ட கையேட்டில் இந்த வேறுபாடு எழுதப்பட்டிருக்கும். கையேடு கையில் இல்லையென்றால், வெறிச்சோடிய சமதளச் சாலையில் ‘எம்’ அல்லது ‘எஸ்’ நிலையில் 4-ஐத் தேர்ந்துகொண்டு, மெதுவாக வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். வேகம் குறையக் குறைய எண்ணும் 3, 2 என்று இறங்கினால் அது கியரை நிறுத்திப் பிடிக்கும் விதம். எண் 4 ஆகவே இருக்க, ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற அளவு) முள் மட்டும் இடையிடையே துள்ளினால் அது உச்சவரம்பு வைக்கும் விதம். எந்த விதமாக இருந்தாலும் இறுதி அதிகாரம் கணினியிடம்தான் இருக்கிறது. எஞ்சினின் பாதுகாப்பு எல்லையைத் தாண்டச் செய்யும் கியரைக் கேட்டால் அது ஒரு பீப் ஒலியோடு மறுத்துவிடும். வண்டி நிற்கப்போகும் நேரத்தில், நீங்கள் கேட்காமலேயே கீழ் கியருக்கு வந்துவிடும். பல கார்களில் ஆர்பிஎம் முள் பாதுகாப்பு எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டை எட்டியதும் தானாகவே மேல் கியருக்கும் மாறிவிடும்.

மலை இறக்கத்துக்கு உச்சவரம்பு வைக்கும் விதமே மேலானது என்பது என் கருத்து. ஓட்டுநர் கவனிக்க வேண்டியது மேல் எல்லை ஒன்றை மட்டுமே. வளைவில் வேகம் குறைந்தால் கீழ் கியரை வண்டியே பார்த்துக்கொள்ளும். கியரை நிறுத்திப் பிடிப்பது பந்தயத் தடத்தில் பிறந்த பழக்கம். 1989-இல் ஃபெராரி தன் ஃபார்முலா 1 காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில்களைப் பொருத்தி, அந்த ஆண்டின் முதல் பந்தயமான பிரேசில் கிராண்ட் பிரீயிலேயே நைஜல் மான்செல் ஓட்ட வெற்றியும் பெற்றது. 1997-இல் அது எஃப்355 சாலைக் காருக்கு வந்தது. குடும்பத்தோடு மலை இறங்குபவருக்குப் பந்தய ஓட்டுநரின் தேவைகள் இல்லை.

இறக்கத்தில் கீழ் கியர் ஏன் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது சுமார் 73 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் 22 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றின் தடையும் டயரின் உராய்வும் ஒரு பங்கை ஏற்றுக்கொண்ட பிறகு, மீதியை பிரேக் டிஸ்க்குகளோ எஞ்சினோ ஏற்க வேண்டும். முழுவதையும் பிரேக் மேல் போட்டால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடுகள் சூடேறிப் பிடிப்பை இழக்கும். அதைவிட ஆபத்தானது, பெடலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பிரேக் திரவம் கொதிப்பது. டாட் 4 என்ற தரத்தைச் சேர்ந்த பிரேக் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி என்றும், ஈரத்தை உறிஞ்சிய பிறகு குறைந்தது 155 டிகிரி என்றும் தரம் வகுக்கப்பட்டிருக்கிறது. பல ஆண்டுகள் மாற்றாத திரவம் இரண்டாவது எண்ணை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். குழாய்க்குள் ஆவி உண்டாகிவிட்டால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அந்த வெற்றிடத்துக்கு எதிராக பிஸ்டன்கள் இழுக்க வேண்டியிருப்பதாலும், எஞ்சினின் உள் உராய்வாலும் தடை பிறக்கிறது. அந்தத் தடையைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது கியர் விகிதம், அதாவது கியர்பெட்டியிலிருந்து வெளிவரும் தண்டு ஒருமுறை சுழல எஞ்சின் எத்தனை முறை சுழல வேண்டும் என்ற கணக்கு. ஆறு கியர் கொண்ட ஒரு பெட்டியில் 6-ஆம் கியரின் விகிதம் 0.7, 3-ஆம் கியரின் விகிதம் 1.5 என்று வைத்துக்கொண்டால், 6-இல் 1,200 ஆர்பிஎம்மில் சுழலும் எஞ்சின், அதே சாலை வேகத்தில் 3-இல் ஏறத்தாழ 2,600-இல் சுழலும். சக்கரத்தில் உணரப்படும் தடை இரு மடங்குக்கும் மேலாகும். காதில் விழும் அந்த இரைச்சலைக் கேட்டுப் பலர் பயந்து கியரை உயர்த்திவிடுகிறார்கள். முள் சிவப்புப் பகுதிக்குக் கீழே இருக்கும்வரை அதில் பயப்பட ஒன்றுமில்லை.

கியரைத் தேர்ந்துகொள்ள வேண்டிய இடம், இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன். வேகம் எகிறிய பிறகு பேடிலைத் தேடினால் கணினி மறுத்துவிடும். அப்போது முதலில் பிரேக்கை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகுதான் பேடிலை இழுக்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லும் விதி நான்கைந்து கியர் கொண்ட கையியக்க வண்டிகளுக்குப் பொருந்தியது. எட்டும் பத்துமாகக் கியர்கள் உள்ள இன்றைய ஆட்டோமேட்டிக்கில், எதில் ஏறினோம் என்பதே தெரியாது. ஆகவே பிரேக்கை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். நேரான பகுதியிலும் அடிக்கடி பிரேக் மிதிக்க நேர்ந்தால் இன்னும் ஒரு கியர் குறையுங்கள். இறக்கத்திலும் ஆக்சிலரேட்டரை மிதிக்க நேர்ந்தால் ஒன்று கூட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எஞ்சினால் வேகம் குறையும்போது பிரேக் விளக்கு எரியாது. பின்னால் நெருங்கி வருபவர் இருந்தால் பெடலை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுங்கள். மழையில் நனைந்த வளைவின் நடுவில் இரண்டு மூன்று கியர்களை ஒரேயடியாகக் குறைக்காதீர்கள். எஞ்சினின் தடை ஓட்டுச் சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், அவை வழுக்க இடமுண்டு.

கேள்வி: இப்படிக் கியரைக் குறைத்து ஓட்டினால் எரிபொருள் வீணாகாதா? கியர்பாக்ஸ் தேயாதா? இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் மிச்சம் என்கிறாரே என் சகோதரர்?

பதில்: உங்கள் சகோதரர் சொல்வதை ஏற்காதீர்கள். எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் எஞ்சினில், கியரில் இருந்தபடி காலை எடுத்தால் எரிபொருள் தெளிப்பு அநேகமாக முழுவதும் நின்றுவிடுகிறது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. எனவே 1,200-இல் சுழன்றாலும் 3,000-இல் சுழன்றாலும் அந்த நேரத்துச் செலவு பூஜ்யம்தான். நியூட்ரலில் விட்டாலோ, எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள எரிபொருள் குடிக்கும்; பிரேக்குக்குத் துணையும் போய்விடும்.

தேய்மானம் பற்றிய உங்கள் ஐயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் உள்ளே கிளட்ச் தகடுகள் சற்றே வழுக்கித்தான் பிடிக்கின்றன. நீண்ட இறக்கத்தில் ஒருமுறை குறைத்துவிட்டு அதிலேயே இறங்குவதில் பொருட்படுத்தத் தக்க தேய்வு எதுவும் இல்லை. ஆனால் நகரத்தில் ஒவ்வொரு சிக்னலுக்கும் 5, 4, 3, 2 என்று பேடிலைத் தட்டி நிறுத்தும் பழக்கம் அர்த்தமற்றது. பிரேக் பேடை மாற்றுவது எளிது, கியர்பாக்ஸைப் பிரிப்பது அப்படியல்ல.

கேள்வி: மேட்டில் ஏறும்போது என் வண்டி 4-க்கும் 5-க்கும் இடையே ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. அங்கும் வரம்பு வைக்கலாமா?

பதில்: தாராளமாக வைக்கலாம். 5-இல் இழுவை போதாமல் 4-க்கு இறங்கி, வேகம் கூடியதும் மீண்டும் 5-க்கு ஏறி அங்கே மறுபடி திணறுவதுதான் நீங்கள் காண்பது. எஞ்சினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையில், இந்த ஊசலாட்டத்தின்போது லாக்-அப் கிளட்ச் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) அடிக்கடி விடுபடுவதால் கியர்பாக்ஸ் எண்ணெயும் சூடேறும். உச்சவரம்பை 4 ஆக வைத்துவிட்டால் எஞ்சின் ஒரே சீராக இழுக்கும். சுமை நிறைந்திருந்தாலோ பின்னால் டிரெய்லர் இருந்தாலோ இதைக் கட்டாயம் செய்யுங்கள். மேடு முடிந்ததும் ‘டி’க்குத் திரும்ப மறக்க வேண்டாம், ‘டி’ நிலையில் தற்காலிகமாக மாற்றியிருந்தால், பல கார்களில் வலப்பக்கப் பேடிலை ஓரிரு நொடிகள் இழுத்துப் பிடித்தாலே போதும்.

கேள்வி: நான் வாங்கவிருக்கும் மின்சாரக் காரிலும் பேடில்கள் இருக்கின்றன. கியரே இல்லாத வண்டியில் அவை எதற்கு?

பதில்: மோட்டார் மின்னாக்கியாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும் அளவைக் கூட்டவும் குறைக்கவும் அவை பயன்படுகின்றன, ஹூண்டாய் அயோனிக் 5 போன்ற கார்களில் இந்த ஏற்பாடு இருக்கிறது. இறக்கத்தில் கிடைக்கும் பலன் கீழ் கியரின் பலனைப் போன்றதே. கூடுதலாக, அந்த ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆனால் மலையுச்சியில் பேட்டரியை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கத் தொடங்கினால், புதிய மின்சாரத்தைச் சேர்த்துவைக்க இடம் இருக்காது. அந்த நிலையில் பல கார்கள் இந்தப் பிடிப்பைக் குறைத்துவிடும், பேடிலை எத்தனை முறை இழுத்தாலும் பயன் இருக்காது. உச்சியில் தங்கி சார்ஜ் செய்ய நேர்ந்தால், 100 சதவீதம்வரை போகாமல் சற்று முன்னதாகவே நிறுத்திவிடுங்கள்.