மிளகாய்ச் செடிகள் நெருங்கிவிட்டன: பிடுங்கலாமா?

வாசகர் கேள்வி: நான்கு பக்கமும் ஒரு அடி விட்டு மிளகாய் நட்டேன். நாற்பது நாளாகிறது. செடிகள் உயர்ந்தும் மெலிந்தும் வளர்ந்து, பூவும் கொட்டுகிறது. பாதியைப் பிடுங்கிவிடலாமா? யூரியா வைத்தால் தேறுமா?

யூரியா வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலைதான் இன்னும் அடரும். உங்கள் செடிகள் பசியால் மெலியவில்லை. பக்கத்துச் செடியின் நிழலை உணர்ந்தால் மிளகாய் வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும். கிளை விடுவது குறையும். பூவும் காயும் கிளை பிரியும் கவட்டில்தான் வருகின்றன. கிளை குறைந்தால் காயும் குறையும். பூ கொட்டுவதற்குக் கடும் வெயிலும் காரணமாகலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நெருக்கி நடுவதே தவறு என்று சொல்லமாட்டேன். வரிசைக்கு 2 அடி, செடிக்கு 1½ அடி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 14,500 செடிகள். செடிக்குச் செடி 1 அடியாக்கினால் சுமார் 21,800. ஒன்றரை மடங்கு. 900 கிராம் காய்த்த செடி 600 கிராமுக்கு இறங்கினாலும் மொத்த மகசூல் அதேதான். அதற்குக் கீழே போகாதவரை நெருக்கம் லாபமே. ஆனால் உங்கள் கணக்கில் ஏக்கருக்கு 43,500 செடிகள் வருகின்றன, அதாவது மூன்று மடங்கு! அந்த நெருக்கத்தில் மழைக்குப் பின் இலை சீக்கிரம் காயாது. பழ அழுகலுக்கும் இலைப்புள்ளிக்கும் அதுவே போதும். மருந்து அடித்தாலும் உள் இலைகளுக்குப் போய்ச் சேராது.

'நண்டோட நெல், நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை' என்பார்கள், அதாவது நெல்லுக்கு நண்டு ஓடுமளவு, தென்னைக்குத் தேர் ஓடுமளவு இடைவெளி. மிளகாய்க்கு நான் சேர்ப்பது, பறிக்கிற கை ஓட. பலமுறை பறிக்கும் பயிர். கை நுழையாத இடத்தில் கிளைதான் முறியும்.

இனி செய்ய வேண்டியது: சதுரங்கக் கட்டத்தில் கறுப்பை மட்டும் எடுப்பதுபோல், ஒன்றுவிட்டு ஒன்றாகக் கழியுங்கள். மீதிச் செடிகளுக்குள் குறுக்கே 1.4 அடி கிடைக்கும். பிடுங்காதீர்கள், வேர்கள் பின்னியிருக்கும், தரையொட்டி வெட்டுங்கள். நோயுற்றதும் நோஞ்சானும் முதலில் போகட்டும். வெட்டிய பின் மெலிந்த தண்டுகள் சாயக்கூடும், குச்சி நட்டுக் கட்டுங்கள்.

குடைமிளகாயாக இருந்தால் ஒரே நாளில் கழிக்காதீர்கள். நிழலிலேயே இருந்த காய் திடீர் வெயிலில் தோல் வெளுத்து வெந்துபோகும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக வெட்டுங்கள்.