குறுங்காணொளிக் காலத்தில் சீனப் பல்கலைக்கழகங்கள் அரசியல் பாடத்தை எப்படி நடத்துகின்றன?

சீனாவில் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் மார்க்சியம், மாவோ சிந்தனை, நவீன சீன வரலாறு எல்லாம் கட்டாயம். பொறியியல் மாணவரும் தப்ப முடியாது. ஆனால் அவர்களுக்குச் செய்தி வருவதோ டௌயின் (டிக்டாக்கின் சீன வடிவம்), வெய்போ (ட்விட்டர் போன்றது), வீசாட் (வாட்ஸ்அப் போன்றது) வழியாக, துணுக்குத் துணுக்காக. நீண்ட விரிவுரை எப்படி எடுபடும்?

அதனால் முதலில் கருவிகளை மாற்றினார்கள். சிங்ஹுவா பல்கலைக்கழகம் 2016-இல் கொண்டுவந்த ‘மழை வகுப்பறை’ என்ற மென்பொருள் பவர்பாயின்ட்டையும் வீசாட்டையும் இணைக்கிறது. க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் ஸ்லைடுகள் மாணவரின் போனுக்கே வந்துவிடும். புரியாத இடத்தில் ‘புரியவில்லை’ என்று தட்டலாம், நடுவில் வரும் கேள்விக்குப் பதில் போடலாம், கருத்து எழுதினால் வகுப்புத் திரையில் ஓடும். வாய் திறக்கத் தயங்குகிறவர்களுக்கு இது நல்ல வசதி.

ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் இளைஞர் அமைப்பான கம்யூனிஸ்ட் இளைஞர் கழகமும் 2018 முதல் குறுங்காணொளிப் பாடங்கள் வெளியிடுகிறது. அதை ஓடவிட்டு, பார்த்ததற்குச் சான்றாகக் கடைசித் திரையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பவர்கள் உண்டு. கட்டாயம் என்றால் எங்கும் நடப்பதுதானே!

என்னைக் கேட்டால், பாடத்தைத் துண்டாக்குவது பாதி வேலைதான். ஒரே சம்பவத்தைப் பற்றிய மூன்று பதிவுகளை அருகருகே வைத்து, யார் எதை விட்டுவிட்டார்கள் என்று மாணவர்களையே தேடவிட வேண்டும். தணிக்கை உள்ள இணையத்தில், விடை முன்பே தீர்மானமான பாடத்தில், அந்தத் தேடல் எவ்வளவு தூரம் போகும் என்பது சந்தேகம்தான்.