ஜப்பானியச் சிறுவர் சூப்பர்ஹீரோ தொடர்களின் டைட்டில் பாடல்கள் ஏன் ஒரு தடவை கேட்டாலே ஒட்டிக்கொள்கின்றன? எவற்றிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றே செய்யப்படுபவை அவை. ஒன்றரை நிமிடத்துக்குள் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நான்கு சங்கதிகள் போய்ச் சேர வேண்டும்: எதிரி யார், ஹீரோ யாருக்காகச் சண்டை போடுகிறான், எதைக் கொண்டு அடிக்கிறான், அவன் பெயர் என்ன. கூடச் சேர்ந்து கத்த ஓர் இடமும் வேண்டும்.

இதற்கு இலக்கணம் 1971 ஏப்ரலில் வந்த 'கமென் ரைடர்'. வரிகளை எழுதியவர் அந்தப் பாத்திரத்தைப் படைத்த மாங்கா ஓவியர் ஷோதாரோ இஷினோமோரி. இசை ஷுன்சுகே கிகுச்சி. பாட்டின் அடுக்கைக் கவனியுங்கள். முதல் சொல்லிலேயே ஷாக்கர் என்ற எதிரிக் கும்பல் நெருங்கி வந்துவிடுகிறது. அடுத்து உலக அமைதி, அதற்கடுத்து மோட்டார் சைக்கிள், பிறகு 'ரைடர் ஜம்ப்', 'ரைடர் கிக்'. ஹீரோவின் பெயர் கடைசியில்தான், அதுவும் திரும்பத் திரும்ப. சண்டைக் காட்சி எந்த வரிசையில் நடக்குமோ அதே வரிசையில் பாட்டும் போகிறது. பாட்டு முடிந்ததும், ஹீரோ உடல் மாற்றி அமைக்கப்பட்ட மனிதன் என்பதை ஷிஞ்சி நகாயேவின் கனத்த குரல் சொல்லிவிடும். அன்றைக்குத்தான் முதல்முறையாக டிவி முன் உட்கார்ந்த பிள்ளைக்கும் இனிக் கதை புரியும்.

இந்தப் பாட்டைத் தேடும்போது ஒரு குழப்பம் வரும். முதல் 13 பகுதிகளில் பாடியவர் கதாநாயகன் ஹிரோஷி ஃபுஜியோகாவே. படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவர் படுகாயமடைய, 14ஆம் பகுதியில் இரண்டாவது ரைடர் வந்தார். பாட்டும் கோயிச்சி ஃபுஜி என்ற பாடகரின் குரலுக்கு மாறியது. இவரேதான் மசாதோ ஷிமோன். மீன் வடிவ இனிப்பு அப்பத்தைப் பற்றி இவர் 1975இல் பாடிய பாட்டு ஜப்பானில் மிக அதிகமாக விற்ற சிங்கிள் இசைத்தட்டு என்பது தனிக்கதை. பாட்டாக ஷிமோன் பதிவுதான் மேல். ஃபுஜியோகா குரலில் கொஞ்சம் விறைப்பு உண்டு.

அடுத்து இசையமைப்பாளர் மிச்சியாக்கி வதனபே (1925–2022). 'கிகைடர்' (1972), 'கோரேஞ்சர்' (1975), 'விண்வெளிக் காவலர் கவான்' (1982) எல்லாம் இவருடையவை. இவருடைய மெட்டுகளில் அடிக்கடி வருவது மைனர் பென்டடோனிக். நம் கணக்கில் ச க₂ ம₁ ப நி₂, அதாவது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். கமகம் இல்லாமல், டிரம்பெட்டும் வேகமான டிரம்ஸும் சேர்ந்து வருவதால் ராகமாகக் காதில் விழாது. ஆனால் கீபோர்டில் அந்த ஐந்து ஸ்வரங்களை மட்டும் வைத்துத் தேடினால் இவருடைய மெட்டுகளின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். சோகச் சாயலும் வீறாப்பும் ஒன்றாக இருப்பதற்கு இந்த ஸ்கேல்தான் காரணம்.

'கோரேஞ்சர்' டைட்டில் பாட்டில் அணியின் நிறங்களே வரிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன: சிவந்த சூரியன், நீல வானம், மஞ்சள் புழுதி. இசாவோ சசாகியின் அடிக்குரலும் மிட்சுகோ ஹோரியின் மேல்குரலும் சேர்ந்து பாடுவதால், இருவர் பாட இது தோதான பாட்டு. முடிவுப் பாட்டிலோ 'பன்பரா பன்பன்பன்' என்று பொருளில்லாத ஒரு கூச்சல் வரும். வரி தெரியாத பிள்ளைக்கும் அதைப் பாட வரும். 'கவான்' பாட்டுக்கு அகிரா குஷிதா. கரகரப்பான சோல் குரல், மொழி புரியாதவரையும் எழுந்து உட்கார வைத்துவிடும்.

1966இன் 'அல்ட்ராமேன்' வேறு ரகம். சிறுவர் சேர்ந்திசை, அணிவகுப்பு நடை, வெளிச்சமான மெட்டு. இசை குனியோ மியாவுச்சி. கியோயிச்சி அசுமா என்ற புனைபெயரில் வரிகளை எழுதியவர், தொடரை உருவாக்கிய சிறப்புக் காட்சி இயக்குநர் எய்ஜி ட்சுபுராயாவின் மகன் ஹஜிமே. நம்மவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியது 1972இன் 'ரெயின்போமேன்' பாட்டுக்கு: ஹீரோ தவம் செய்த இடம் இந்திய மலைக்காடு என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும். அவனுடைய குரு தேவதத்தன்!

எங்கே சறுக்குகிறது? கதாநாயகனையே பாட வைப்பது ஓர் ஆபத்து. 1987இன் 'கமென் ரைடர் பிளாக்' பாட்டில் தெத்சுவோ குராதாவின் சுருதி தள்ளாடுகிறது. ஆனாலும் உருமாறுகிறவன் குரலே பாடுகிறது என்பதால் ரசிகர்கள் விட்டுக்கொடுப்பதில்லை. அதிலும் நியாயம் இருக்கிறது. இன்னொன்று, 2000க்குப் பின் ரைடர் தொடர்கள் பிரபல பாப் பாடகர்களிடம் போனது. தயாரிப்பு பளபளப்பாயிற்று. ஆனால் பல பாடல்களில் ஹீரோவின் பெயரே கிடையாது; தொடரிலிருந்து பிரித்துவிட்டால் எந்தப் பாப் பாட்டோடும் கலந்துவிடும். 2010இல் மாக்கி ஓகுரோ பாடிய 'ஓஸ்' பாட்டு விதிவிலக்கு. அந்த ஹீரோ மூன்று பதக்கங்களைப் பெல்ட்டில் செருகித்தான் உருமாறுவான். பாட்டும் பதக்கங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் பெயரைச் சொல்கிறது. பழைய இலக்கணம், புதிய உடுப்பு.

பாடிப் பார்க்க நினைப்பவர்கள் தாளத்தைத் தவறவிடுவது பெரும்பாலும் 'ன்' ஒலியிலும் நெடிலிலும். ஜப்பானிய மொழியில் ஒற்றுக்கும் ஒரு மாத்திரை உண்டு. 'கமென்' என்பது க-மெ-ன் என்று மூன்று. 'ரைடர்' என்பது ர-இ-த-அ என்று நான்கு. நம் பழக்கத்தில் 'கமென்' என்று விழுங்கினால் மெட்டில் ஒரு ஸ்வரம் அனாதையாக நிற்கும். முதலில் ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு விரல் மடக்கிப் பேசிப் பாருங்கள், அப்புறம் மெட்டில் ஏற்றுங்கள்.

யூடியூபில் தொடரின் பெயரை ஜப்பானிய எழுத்தில் ஒட்டித் தேடுவது நல்லது. ஆங்கில எழுத்தில் தேடினால் மறுபதிவுகளும் பிறர் பாடியவையும் முன்னால் வந்து நிற்கும். டிவி அளவு, முழு அளவு என்று இரண்டு வரும். முதலில் டிவி அளவு போதும். 'கோகைஜர்' (2011) முடிவுப் பாட்டை மட்டும் முழுதாகக் கேளுங்கள்: அதற்கு முந்தைய 34 சென்டாய் (கோரேஞ்சர் போன்ற பல நிற ஹீரோ அணி) தொடர்களின் அணிகளையும் வரிசையாகச் சொல்லும் பாட்டு அது, அடுத்து எந்தத் தொடரைத் தேடலாம் என்பதற்கு அதையே பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.