பென் லோமண்ட் 974 மீட்டர்தான், ஆனால் மாதம் ஜனவரி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கேலி இல்லை, வந்த புதிதில் நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். கோவையிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குப் படிக்க வந்து நாலு மாதம், கூடப் படிப்பவர்கள் ஜனவரியில் பென் லோமண்ட் ஏறக் கூப்பிடுகிறார்கள், வெள்ளியங்கிரி ஏழு மலையையும் வெறுங்காலில் ஏறி இறங்கியவனுக்கு 974 மீட்டர் ஒரு மலையா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். நம் தொட்டபெட்டா 2637 மீட்டர், அதன் உச்சிக்கே காரில் போய் பஜ்ஜி தின்றுவிட்டு வருகிறோம். இந்த நாட்டின் உசரமான மலை பென் நெவிஸே 1345தான்.

உங்கள் காலைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. காற்றைப் பற்றித்தான்.

போனில் கிளாஸ்கோ 5 டிகிரி என்று காட்டும், அதை நம்பிக் கிளம்பாதீர்கள். தோராயமாக 150 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும். நீங்கள் ஏறத் தொடங்கும் ரோவர்டென்னன் ஏரிக்கரை, ஏறக்குறைய கடல் மட்டம். அப்படியென்றால் உச்சியில் மைனஸ் 1. சரி, அது ஒன்றும் பெரிய குளிர் இல்லை. ஆனால் அங்கே மணிக்கு 40 மைல் வேகத்தில் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 10 மாதிரி. ஜனவரியில் 40 மைல் காற்று அதிசயமும் இல்லை. 1986 மார்ச்சில் கெய்ர்ன்கார்ம் உச்சியில் 173 மைல் பதிவாகியிருக்கிறது.

என் இரண்டாவது குளிர்காலத்தில் இதே பென் லோமண்டில் நடந்தது. போட்டோ எடுக்க வலக்கைக் கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கினேன். ஒரே வீச்சு, கையுறை பறந்தது. அது வெள்ளைச் சரிவில் கறுப்புப் புள்ளியாக உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடத்தில் விரல்கள் மரக்கட்டை ஆகிவிட்டன. ஜாக்கெட் ஜிப்பின் நுனியைப் பிடிக்க வரவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன். பக்கத்தில் நின்றவரிடம் பேச வாயைத் திறந்தால் காற்று வாயை அடைத்தது. அவர் பையில் இன்னொரு ஜோடி இருந்ததால் பிழைத்தேன். இப்போதெல்லாம் மூன்று ஜோடி இல்லாமல் கிளம்புவதில்லை. வீட்டில் கிண்டல்தான்.

இங்கத்திக் குளிர் ஈரக் குளிர். கீழே மழை, பாதி வழியில் பனியும் மழையும் கலந்த சகதி, மேலே வெண்பனி, மூன்றும் ஒரே நாளில் வரும். பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். புதுப் பனியைவிட, பகலில் உருகி ராத்திரியில் இறுகிய பழைய பனிக்குத்தான் நான் பயப்படுவேன். பாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்பு முள்ளான க்ராம்பானும், பனியில் குத்திப் பிடிக்கும் கோடரியான ஐஸ் ஆக்ஸும். ஆனால் வழுக்கும்போது ஆக்ஸைக் குத்தி நிற்கத் தெரியாமல் அதைப் பையில் தொங்கவிட்டுப் போவது வெறும் அலங்காரம். ஏவிமோர் பக்கம் கிளென்மோர் லாட்ஜில் இதற்கென்றே வகுப்பு நடத்துகிறார்கள்.

இன்னொன்று, மேகம். உச்சியில் மேகம் இறங்கி, தரையிலும் பனி இருந்தால் வானம் எது தரை எது என்றே தெரியாது. பென் லோமண்டின் வடக்குப் பக்கம் செங்குத்துச் சரிவு. அந்த விளிம்பில் காற்று பனியைக் குவித்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கூரை மாதிரி ஆக்கிவிடும். கெட்டித் தரை என்று நினைத்துக் கால் வைத்தால் கீழே ஒன்றும் இருக்காது.

கிளம்புவதற்கு முந்தின மாலை எம்.டபிள்யூ.ஐ.எஸ் என்ற மலை வானிலை அறிக்கையைத் திறந்து, முதலில் காற்று, அடுத்து உறைநிலை எந்த உயரத்தில், அப்புறம் உச்சியில் மேகம் இல்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று பாருங்கள். பனிச்சரிவு எச்சரிக்கைக்குத் தனி அமைப்பு உண்டு, எஸ்.ஏ.ஐ.எஸ். அவர்கள் பார்க்கும் ஆறு பகுதிகளில் பென் லோமண்ட் கிடையாது. அறிக்கை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஜனவரி நடுவில் 8.40 வாக்கில்தான் விடியும், நாலே காலுக்குள் சூரியன் போய்விடும். போய்வர 12 கிலோமீட்டர், வெயில் காலத்திலேயே ஐந்து மணி நேரம் பிடிக்கும். தலை விளக்கு கட்டாயம். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகச் சொருகுங்கள், ஐஸ் மேல்பக்கம்தான் முதலில் கட்டும், மூடி அடைபடாது. ஏதாவது ஆகிவிட்டால் 999, முதலில் போலீஸ் கேளுங்கள், அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ. வருகிறவர்கள் தன்னார்வலர்கள், காசு கேட்பதில்லை.

நண்பர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பனியில் ஏறிப் பழக்கம் உள்ளவர் யாராவது கூட வருகிறார்களா? ஆம், காற்றும் 25 மைலுக்குக் கீழே என்றால் தாராளமாகப் போங்கள். தெளிவான நாளில் மேலிருந்து தெரியும் ஏரி உங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. யாரும் இல்லையென்றால் பென் லோமண்டை மே மாதத்துக்குத் தள்ளிவிட்டு, பால்மஹா பக்கம் கானிக் ஹில் ஏறுங்கள். சின்னக் குன்று, அங்கிருந்தும் ஏரித் தீவுகள் தெரியும். அதற்கென்றால் நானும் வருகிறேன், பிளாஸ்கில் சுக்குக் காபியோடு.