ஆச்சியிடம் விட்டு வரலாமா?

தம்பி, பிராங்க்ஃபர்ட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, மனைவிக்கும் வேலை கிடைத்துவிட்டது, 14 மாத மகளை ஒரு வருடம் மட்டும் ஊரில் அம்மாவிடம் விட்டுவைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் விட்டோம், 2009இல். மகனுக்கு அப்போது 13 மாதம். பாளையங்கோட்டையில் என் அம்மாவிடம் 11 மாதம் இருந்தான்.

முதல் வாரம் அழுதான், பிறகு அழவில்லை. பிள்ளை பழகிவிட்டான் என்று அம்மா போனில் சொன்னதும் எனக்கு நிம்மதி. ஸ்கைப்பில் என் முகத்தைப் பார்த்தால் சிரிப்பான். போகப் போக, ஒரு பார்வை பார்த்துவிட்டு விளையாட ஓடிவிடுவான். லண்டன் மருத்துவமனைகளில் பெற்றோரைப் பிரிந்து கிடந்த பிள்ளைகளை 1940களின் கடைசியிலிருந்து கவனித்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். முதலில் அழுது ஆர்ப்பாட்டம், அடுத்து சோர்ந்து ஒடுங்குதல், கடைசியில் ஒட்டாமல் போதல் என்று மூன்று கட்டங்களை அவர் சொன்னார். அந்த மூன்றாவதைத்தான் மருத்துவமனைக்காரர்கள் குழந்தை தேறிவிட்டதாக எண்ணினார்கள். இதையெல்லாம் நான் படித்தது பின்னால்தான்.

என் மகனுக்கு ஆச்சி மடி இருந்தது. அது பெரிய வித்தியாசம். ஆனால் சிக்கலும் அங்கேதான். அவனுக்கு ஆச்சிதான் அம்மா ஆகியிருந்தாள். நாங்கள் போய் அழைத்து வந்தது எங்களுக்குத்தான் சேர்தல், அவனுக்கு இரண்டாம் முறை பிரிவு. காலையில் எழுந்ததும் செருப்பை எடுத்துக்கொண்டு வாசல் கதவருகே உட்கார்ந்துவிடுவான், ஆச்சி வீட்டுக்குப் போக. நான் தூக்கினால் விறைத்துக்கொள்வான். சில மாதம் கழித்து நேர்மாறு: நான் குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டி அலறினான். இதெல்லாம் சரியாவதற்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது என்னைவிட உயரம், எந்தக் குறையும் இல்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை.

அன்று எங்களுக்கு, பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. 2013 ஆகஸ்ட் முதல் ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்பது இங்கே ஜெர்மனியில் சட்டப்படியான உரிமை. இடம் உடனே கிடைத்துவிடாது, இன்றே பதியுங்கள். அங்கே சேர்க்கும் முறையும் நம் ஊர் மாதிரி, வாசலில் கையில் கொடுத்துவிட்டுக் குழந்தை பார்க்காதபோது நழுவுவது அல்ல. பல காப்பகங்கள் பின்பற்றும் பெர்லின் முறையில் முதல் மூன்று நாள் நீங்களோ மனைவியோ கூடவே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காம் நாள்தான் சொல்லிக்கொண்டு வெளியே போகச் சொல்வார்கள். தேற்ற முடியாமல் அழுதால் சில நிமிடங்களிலேயே கூப்பிட்டுவிடுவார்கள். சில வாரம் இழுக்கும். வேலையில் சேரும் தேதியை அதற்கேற்ப இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

பேத்தியை அனுப்புவதற்குப் பதில் அம்மாவை இங்கே வரவழையுங்கள். ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்வரை தங்கலாம். காப்பகத்தில் சேரும் வாரங்களில் அவர் வீட்டில் இருந்தால் உங்கள் இருவருக்குமே கை கொடுக்கும். முதலில் அவருடைய பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள்.