வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள், பிள்ளையைச் சட்டம் படிக்க விடுங்கள்

மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் ஆலோசனை கேட்டு உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, பிளஸ் டூவில் 600-க்கு 468. தாய்மாமன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். ஹாஸ்டலோடு சேர்த்து நான்கு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்துப் பணம் புரட்டுவதாகத் திட்டம். "வக்கீலுக்குத்தான் படிப்பேன்னு அடம் பிடிக்கிறா சார், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று அம்மா கண் கலங்கினார்.

பயப்படாதீர்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணிடம் பேசினேன். வீட்டுக்குப் பின்னால் பாதைத் தகராறு ஒன்று பல வருடமாக ஓடுகிறதாம். பத்தாவது படிக்கும்போதே பத்திரத்தை எடுத்து வாசித்து, செக்குபந்தியில், அதாவது சொத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் பகுதியில், வடக்கு எல்லை தப்பாக எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தவள் இவள்தான். வக்கீல் குமாஸ்தாவே கவனிக்காத பிழை. இப்படிப்பட்ட பிள்ளையிடம் எதற்கு வேறு படிப்பை எடுத்துச் சொல்ல வேண்டும்?

மாமா நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாதத் தவணை கட்டப்போவது அவரில்லை. விருப்பமில்லாத படிப்புக்காகக் குடியிருக்கும் வீட்டை வைப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதம் சொல்ல மாட்டேன். கிளாட் என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதித் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் போகிற வழி எல்லோருக்கும் தெரிந்தது. அங்கேயும் வருடத்துக்கு லட்சங்களில்தான் செலவு, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

அரசு சட்டக் கல்லூரியைப் பற்றித்தான் யாரும் இவர்களிடம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் இப்போது 15 இருக்கின்றன. 1891-இல் தொடங்கிய சென்னைக் கல்லூரி இன்று புதுப்பாக்கத்திலும் பட்டரைப்பெரும்புதூரிலும் நடக்கிறது. மதுரை, திருச்சி, கோவை, நெல்லை பழையவை. சேலம், நாமக்கல், காரைக்குடி என்று புதிதாக வந்தவையும் உண்டு. இவர்கள் ஊருக்குப் பக்கத்தில் தேனியிலேயே ஒன்று இருக்கிறது, அது அந்த அப்பாவுக்குத் தெரியவில்லை!

பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்து வருட பி.ஏ., எல்எல்.பி. எந்த குரூப் படித்திருந்தாலும் சேரலாம். நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கி, 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி தரவரிசை போட்டு, கலந்தாய்வில் இடம் கொடுக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத முன்னுரிமை, 2021 சட்டத்தின்படி சட்டப் படிப்புக்கும் உண்டு. அந்தப் படிப்புச் சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இந்த வாரமே போடுங்கள், கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். விண்ணப்பிக்கும்போது ஒரு கவனம்: அதே பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் நடக்கும் ஹானர்ஸ் படிப்பு வேறு, கட்டணமும் அதிகம். அரசு சட்டக் கல்லூரிகள் அடங்கிய இணைப்புக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் தனி. அரசு சட்டக் கல்லூரியில் ஒரு வருடக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும்.

"இங்கிலீஷ் வராதே சார்" என்றார் அம்மா. தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் தமிழில் வாதாடலாம். ஆனால் உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். அதனால் முதல் இரண்டு வருடத்தில், அரசியல் அறிவியலும் பொருளாதாரமும் ஓடுகிற நேரத்திலேயே, தினம் ஒரு தீர்ப்பை ஆங்கிலத்தில் வாசித்துப் பழக வேண்டும். சீனியர்களிடம் பழைய புத்தகம் வாங்குவது நல்ல வழக்கம், குற்றவியல் சட்டத்துக்கு மட்டும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் மூன்று முக்கிய குற்றவியல் சட்டங்களும் மாறிவிட்டன, சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புது பேர் ஆக்ட் (Bare Act) புத்தகம்தான் வாங்க வேண்டும். வருகைப் பதிவு 70 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஐந்து வருடத்தில் குறைந்தது 20 வாரம் இன்டர்ன்ஷிப் உண்டு. அதை வெறும் கையெழுத்து வாங்குகிற வேலையாக முடித்துவிடாமல், சிவில் பார்க்கும் வக்கீலிடம் ஒரு முறை, கிரிமினல் பார்ப்பவரிடம் ஒரு முறை, சட்ட உதவி மையத்தில் ஒரு முறை என்று போகச் சொல்லுங்கள்.

சரி, வருமானம்? இதில் பூசி மெழுக மாட்டேன். முதல் மூன்று, நான்கு வருடம் ஜூனியருக்குக் கஷ்டம்தான். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எல்லா சீனியரும் கொடுப்பதில்லை. படித்ததும் ஜட்ஜ் ஆகிவிடலாம் என்று நினைத்தால் அதுவும் முடியாது, சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், ஏதாவது சேமிக்க முடிந்தால் அதைக் கல்லூரிக்குக் கொட்டாதீர்கள். அந்த ஜூனியர் வருடங்களுக்கு மாதம் ஐந்தாயிரம் அனுப்பும்படி ஒதுக்கி வையுங்கள். எந்தக் கல்லூரியில் படித்தாலும் வக்கீலாகப் பதிவு செய்யும் பார் கவுன்சில் பதிவு ஒன்றுதான், தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வும் ஒன்றுதான்.

"பொம்பளப் புள்ள கோர்ட்டு, ஸ்டேஷன்னு அலையணுமா?" என்று மாமா கடைசியாகக் கேட்டார். ஜீவனாம்சத்துக்கும் குடும்ப வன்முறைப் புகாருக்கும் வருகிற பெண்கள் பெண் வக்கீலைத் தேடி அலைவதை அவர் பார்த்ததில்லை போலும். பவானி பக்கம் ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்திலிருந்து சென்னை அரசு சட்டக் கல்லூரிக்குப் போன ப.சதாசிவம் 2013-இல் இந்தியாவின் தலைமை நீதிபதி ஆனார் என்பதையும் சொன்னேன். மாமா பதில் பேசவில்லை.

கிளம்பும்போது அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கோர்ட்டுக்குள்ள நம்மளை எல்லாம் விடுவாங்களா சார்?" தாராளமாக விடுவார்கள். திறந்த நீதிமன்றம், யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். திங்கட்கிழமை காலை பத்தரைக்குள் உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டுக்கு மகளைக் கூட்டிப் போங்கள், செல்போனை அணைத்துவிடுங்கள். மாமாவையும் கூப்பிடுங்கள்.